படபடப்பு எனக்கு, மாத்திரை அம்மாவுக்கு... ஏன் டாக்டர்?

கேள்வி: "டாக்டர், எனக்கு 42 வயசு. ராத்திரி படுத்ததும் நெஞ்சுல ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருக்கும். அடுத்த துடிப்பு 'தொம்'னு அடிக்கும். ஈசிஜி, எக்கோ ரெண்டும் நார்மல்னு சொல்லி, மருந்து எதுவும் எழுதாம அனுப்பிட்டாங்க. எங்க அம்மாவுக்கு 70 வயசு. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை போடுறாங்க. நெஞ்சுல ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனா வேற எதுக்கோ ஈசிஜி எடுத்தப்ப 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'னு கண்டுபிடிச்சு, ரத்தம் உறையாம இருக்க தொடர்ந்து மாத்திரை போடணும்னு சொல்லிட்டாங்க. தொந்தரவு இருக்கிற எனக்கு மருந்து இல்ல, தொந்தரவே இல்லாத அம்மாவுக்கு மருந்தா? அம்மா அத நிறுத்திட்டு ஆஸ்பிரின் போட்டுக்கலாமா?"

பதில்: அம்மா மாத்திரைய நிறுத்த வேண்டாம். ஆஸ்பிரினுக்கும் மாத்த வேண்டாம். காரணத்த அப்புறம் சொல்றேன், இத முதல்ல சொல்லிடணும். ஏன்னா வீடியோவ பாதியில நிறுத்திட்டுப் போறவங்களும் இருக்காங்க.

இப்ப உங்க ஆதங்கத்துக்கு வர்றேன். நியாயமான ஆதங்கம்தான். மத்த பல நோய்ல, தொந்தரவு ஜாஸ்தின்னா நோயும் பெருசுன்னு ஓரளவுக்கு எடுத்துக்கலாம். இதயத் துடிப்புக் கோளாறுல அந்தக் கணக்கு செல்லாது. ஆளப் பயமுறுத்துற துடிப்பு பல நேரம் ஒண்ணும் செய்யாது. சத்தம் காட்டாம இருக்கிறது ஆளையே சாய்ச்சுடும். அதனால படபடப்பு எவ்வளவுன்னு பாத்து நாங்க மருந்து எழுதறதில்ல. அது என்ன துடிப்பு, எப்படிப்பட்ட இதயத்துல வருது, இந்த ரெண்டையும் பாத்துதான் முடிவெடுக்கிறோம்.

இதயத்தோட வலது மேலறையில சைனஸ் நோடுன்னு ஒரு சின்ன இடம் இருக்கு. அங்கதான் கரண்ட் கிளம்புது. அது மேலறை ரெண்டையும் சுருங்க வச்சு, நடுவுல இருக்கிற ஏவி நோடுக்கு வந்து சேரும். அங்க ஏறக்குறைய ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம் நிக்கும். மேலறை ரத்தம் கீழறைக்கு இறங்க அந்த அவகாசம் வேணும். அப்புறம்தான் கீழறைக்குப் போய் அதச் சுருங்க வைக்கும். சும்மா உக்காந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 60லேருந்து 100 தடவை, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை இது நடக்குது. இவ்வளவு துடிப்புல நடுவுல ஒண்ணு ரெண்டு பிசகுறது அதிசயமே இல்ல.

உங்களுக்கு இருக்கிறது, நீங்க சொல்ற விதத்தப் பாத்தா, எக்டோபிக்னு சொல்ற கூடுதல் துடிப்பு. சைனஸ் நோடோட முறை வர்றதுக்கு முன்னாடியே வேற ஒரு இடம் முந்திக்கிட்டு ஒரு கரண்ட் அனுப்பிடும். அந்த நேரத்துல கீழறையில ரத்தம் சரியா நிரம்பியிருக்காது. அதனால அந்தத் துடிப்பு பலவீனமா இருக்கும், கையில நாடி பிடிச்சா கூட தட்டுப்படாம போகலாம். அதுக்கப்புறம் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில வழக்கத்த விட ஜாஸ்தி ரத்தம் சேந்துடும், அதத் தள்ளுற துடிப்புதான் உங்களுக்கு 'தொம்'னு கேக்குது. அதாவது நீங்க துடிப்பு ஒண்ணு விட்டுப்போச்சுன்னு நினைக்கிற இடத்துல உண்மையில ஒண்ணு முன்கூட்டியே வந்து போயிருக்கு. ராத்திரியில தெரியறதுக்குக் காரணம், வேற சத்தம் இல்ல, உங்க கவனம் முழுக்க நெஞ்சுல இருக்கு. இடது பக்கமா படுத்தா இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், இன்னும் நல்லாத் தெரியும்.

எக்கோ நார்மல், மயக்கம் இல்ல, வீட்டுல சின்ன வயசுல திடீர்னு யாரும் இறந்து போகலைன்னா, இதுக்கு மருந்து தேவைப்படறதில்ல. தைராய்டு, ரத்த சோகை, பொட்டாசியம், இதெல்லாம் ஒரு தடவை பாத்திருக்காங்களான்னு கேளுங்க. தூக்கம் கெட்டா, மது குடிச்சா ஜாஸ்தியாகும். காபின்னா எல்லாருக்கும் ஆகாதுன்னு இல்ல. குடிச்சா உங்களுக்கு ஜாஸ்தியாகுதுன்னா குறைங்க, இல்லேன்னா குடிங்க.

"அதயும்தான் ஒரு மாத்திரை குடுத்து அடக்கிடலாமே"ன்னு தோணும். டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு இந்தக் கூடுதல் துடிப்பு நிறைய இருந்தா, பின்னாடி இறப்பு அதிகம்னு தெரிஞ்சிருந்தது. அப்ப அத அடக்கினா உயிர் தப்பும்னு நம்பி, ஃப்ளெக்கனைடு, என்கனைடுன்னு ரெண்டு மருந்த வச்சு அமெரிக்காவுல 'காஸ்ட்'னு ஒரு பெரிய ஆய்வு நடத்தினாங்க. மாத்திரை துடிப்ப அழகா அடக்குச்சு. ஆனா 1991ல முழு முடிவு வெளியானப்ப, மருந்து சாப்பிட்ட 755 பேர்ல 63 பேர் இறந்திருந்தாங்க. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேர்ல 26 பேர். ஈசிஜி சுத்தமாச்சு, ஆள் போயிட்டாங்க. துடிப்ப அடக்குற மருந்துக்கே வேற ஆபத்தான துடிப்பக் கிளப்புற குணம் உண்டு. உங்க டாக்டர் மருந்து எழுதாம அனுப்பினது அலட்சியம்னு நான் நினைக்கல. எழுதாம இருக்கிறதுக்குத்தான் தைரியம் வேணும்.

அதுக்காக எக்டோபிக்க யாரும் கண்டுக்க வேண்டாம்னு அர்த்தம் இல்ல. உடம்புல மாட்டிக்கிட்டு 24 மணி நேரமும் ஈசிஜி பதியற ஹோல்டர் கருவியில மொத்தத் துடிப்புல 10 சதவீதத்துக்கு மேல இதுவா இருந்தா, நாளடைவுல இதயத்தோட பம்ப் பண்ற சக்திய அதுவே குறைக்கலாம். அப்ப துடிப்ப அமைதிப்படுத்துற பீட்டா பிளாக்கர் மாத்திரை, இல்லேன்னா அந்த இடத்தச் சுட்டு எடுக்கிற அப்லேஷன்னு யோசிப்போம்.

இப்ப அம்மா விஷயம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ல மேலறையில ஒரு ஒழுங்கான கரண்ட் இல்ல. நிமிஷத்துக்கு 350லேருந்து 600 தடவை தாறுமாறா கரண்ட் ஓடுது. மேலறை சுருங்கறதில்ல, வெறுமனே நடுங்குது. ஏவி நோடு அதுல பெரும்பாலானத மறிச்சு, கொஞ்சத்த மட்டும் கீழ விடுது. அதனால நாடி பிடிச்சா தாளமே இருக்காது, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல ஒவ்வொரு தடவையும் வேற வேற இடைவெளி. சிலருக்கு மூச்சு வாங்கும், களைப்பு வரும். நிறைய பேருக்கு, உங்க அம்மா மாதிரி, எதுவுமே தெரியாது.

மேலறை சுருங்கலேன்னா ரத்தம் அங்க தேங்கும். இடது மேலறையில பை மாதிரி ஒரு சின்ன மூலை இருக்கு, அங்கதான் அதிகம் தேங்கும். ஓடாத தண்ணி பாசி பிடிக்கிற மாதிரி, தேங்கின ரத்தம் கட்டியாகும். அந்தக் கட்டி பிச்சுக்கிட்டு மேல போனா நேரா மூளைக்கு. அதுதான் ஸ்ட்ரோக். இந்தக் கோளாறு இருக்கிறவங்களுக்கு ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ஏறக்குறைய 5 மடங்கு. படபடப்பு தெரியுதா தெரியலையாங்கிறது அந்தக் கட்டிக்குத் தெரியாது.

ஆனா எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்ல. அதக் கணக்குப் பண்ண மார்க் போடுவோம். வயசு 65 தாண்டினா 1 மார்க், 75 ஆனா 2. பிரஷருக்கு 1, சுகருக்கு 1, ஹார்ட் ஃபெயிலியருக்கு 1, ரத்தக்குழாய் அடைப்பு நோய்க்கு 1, முன்னாடி ஸ்ட்ரோக் வந்திருந்தா 2. அம்மாவுக்கு வயசு, பிரஷர், சுகர், இதிலேயே 3 வந்துடுது. அந்த மார்க்குக்குத்தான் மாத்திரை, படபடப்புக்கு இல்ல. வேற எந்த வியாதியும் இல்லாத 40 வயசுக்காரருக்கு இதே கோளாறு வந்தா, பெரும்பாலும் தொடர்ந்து இந்த மாத்திரை தர மாட்டோம்.

ஆஸ்பிரின்... இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. 'ஆஸ்பிரின்னா லேசு, ரத்தக்கசிவு வராது'ன்னு ஒரு நம்பிக்கை. ரத்தம் உறையாம வைக்கிற பழைய மாத்திரையான வார்ஃபரின் ஒத்துவராத நோயாளிகள வச்சு, அதே வேலையச் செய்யுற புது மாத்திரையான அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2011ல முடிவு வந்தது. ஸ்ட்ரோக்கும், கட்டி போய் வேற உறுப்ப அடைக்கிறதும் சேத்து, ஆஸ்பிரின்ல வருஷத்துக்கு 3.7 சதவீதம், அபிக்சபான்ல 1.6 சதவீதம். பெரிய ரத்தக்கசிவு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். பாதுகாப்பு பாதி கூட இல்லாம, ஆபத்து அதே அளவுன்னா அத ஏன் எடுக்கணும்?

ஒண்ணு மட்டும். அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகட்ரான்னு இந்தப் புது மாத்திரையெல்லாம் ஒரு நாள்ல வீரியம் இறங்கிடும். ரெண்டு நாள் மறந்தா அந்த ரெண்டு நாளும் பாதுகாப்பே இல்லன்னு அர்த்தம். செயற்கை உலோக வால்வு இருக்கிறவங்களுக்கும், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கிற மைட்ரல் வால்வு நல்லாவே சுருங்கினவங்களுக்கும் இந்தப் புது மாத்திரை ஆகாது, வார்ஃபரின்தான், ரத்தம் எவ்வளவு உறையுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் பரிசோதனையப் பாத்துப் பாத்துப் போடணும். மூட்டு வலிக்குன்னு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் கூடச் சேத்துப் போட்டுக்கிறாங்க பாருங்க, அதனால ரத்தக்கசிவு ஆபத்து ஜாஸ்தியாகும்.

கூட்டத்திலிருந்து ஒருவர்: "எனக்குத் திடீர்னு துடிப்பு 180, 190ன்னு ஓடும் டாக்டர். பத்து நிமிஷத்துல டக்குனு நின்னுடும். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள சரியாயிடுது. பதற்றம்னு சொல்லிட்டாங்க."

பதற்றத்துல துடிப்பு படிப்படியா ஏறி, படிப்படியா இறங்கும். டக்குனு ஆரம்பிச்சு டக்குனு நிக்குதுன்னா எஸ்விடின்னு ஒண்ணு இருக்கு, அதத்தான் முதல்ல சந்தேகப்படணும். இதயத்துல பிறவியிலேயே ஒரு கூடுதல் கரண்ட் பாதை இருக்கும், அதுல கரண்ட் சுத்திச் சுத்தி வரும். இதப் பல வருஷம் பதற்றம்னு நினைச்சு வைத்தியம் பாத்துட்டு வர்றவங்க இருக்காங்க. காரணம், ஈசிஜி காகிதத்துல பதியறது 10 செகண்ட். ஒரு நாளைக்கு 86,400 செகண்ட் இருக்கு. மிச்ச நேரத்துல நடந்தது அதுல இருக்காது. அதனாலதான் ஹோல்டர். அதக் கண்டுபிடிச்ச நார்மன் ஹோல்டர் முதல்ல செஞ்ச கருவி 38 கிலோ எடை, முதுகுல தூக்கிட்டுப் போகணும். இப்ப கைக்கடிகாரத்துலயே ஈசிஜி வந்தாச்சு. துடிப்பு வேகமா ஓடும்போது 30 செகண்ட் பதிவு பண்ணி எடுத்துட்டு வாங்க. நீங்க பத்துப் பக்கம் எழுதிட்டு வர்றத விட எங்களுக்கு அது உபயோகம். கடிகாரம் தானா காட்டுற பேர மட்டும் அப்படியே நம்பிடாதீங்க, பதிவ டாக்டர் பாக்கணும்.

எஸ்விடின்னு உறுதியாச்சுன்னா, வந்த நேரத்துல நிறுத்த ஒரு வழி இருக்கு. சாய்ஞ்சு உக்காந்து, காலி சிரிஞ்சோட பிஸ்டன் நகர்ற அளவுக்கு 15 செகண்ட் அழுத்தி ஊதணும். உடனே மல்லாக்கப் படுக்க வச்சு, வேற ஒருத்தர் ரெண்டு காலையும் 45 டிகிரிக்கு 15 செகண்ட் தூக்கிப் பிடிக்கணும். 2015ல இங்கிலாந்துல செஞ்ச ஆய்வுல இப்படிச் செஞ்சவங்கள்ல 43 சதவீதம் பேருக்கு நின்னுச்சு. கால் தூக்காம வெறுமனே ஊதினவங்களுக்கு 17 சதவீதம்தான். முதல் தடவை டாக்டர் முன்னாடி கத்துக்கிட்டுச் செய்யுங்க. நிக்கலேன்னா அடினோசின் ஊசி. போட்டதும் சில செகண்ட் உயிரே போற மாதிரி இருக்கும், முன்கூட்டியே சொல்லிடறேன், போயிடாது.

அடிக்கடி வருதுன்னா அப்லேஷன். தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிய வயர் அனுப்பி, அந்தக் கூடுதல் பாதையத் தேடி, சூடு வச்சு அடைச்சுடுவாங்க. ரொம்பப் பொதுவா வர்ற எஸ்விடி வகையில 100க்கு 95 பேருக்கு மேல சரியாகுது. ஏவி நோடு பக்கத்துலயே வேலை நடக்கிறதால அது பழுதாகி, துடிப்ப ஓட்டுற பேஸ்மேக்கர் கருவி தேவைப்படற வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ. குறைவுதான், ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும். முதல் கேள்வியில வந்த அம்மாவோட கோளாறுக்கும் அப்லேஷன் உண்டு, ஆனா அது வேற இடம், நுரையீரல்லேருந்து வர்ற ரத்தக்குழாய்களச் சுத்தி. திரும்ப வர்ற வாய்ப்பும் ஜாஸ்தி. அது செஞ்சாலும் அந்த மார்க்க வச்சுத்தான் மாத்திரைய முடிவு பண்ணுவோம்.

எதுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு கேட்டா: படபடப்போட மயக்கம், ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழறது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். இதுக்கெல்லாம் கடிகாரத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கக் கூடாது, அவசர ஊர்திதான். கீழறையிலேருந்து கிளம்புற வேகத் துடிப்பா இருந்தா அது நிமிஷக் கணக்கு. ஆள் விழுந்து, கூப்பிட்டா அசைவில்ல, மூச்சும் ஒழுங்கா இல்லன்னா, ஆம்புலன்ஸ கூப்பிடச் சொல்லிட்டு நடு நெஞ்சுல நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்குற மாதிரி அழுத்துங்க. நாடி தேடி நேரத்த வீணாக்காதீங்க.

இன்னொருத்தர் பேஸ்மேக்கர் பத்தி எழுதிக் குடுத்திருக்காங்க, நேரம் இல்ல, சுருக்கமாச் சொல்றேன். துடிப்பு ரொம்பக் குறைஞ்சு மயக்கம் வருதுன்னா, அதுவும் மேலறை கரண்ட் கீழறைக்கு வந்து சேரவே சேராத முழு ஹார்ட் பிளாக்னா, அதுக்கு மாத்திரையில நிரந்தரத் தீர்வு கிடையாது, பேஸ்மேக்கர்தான். உடம்புக்குள்ள முதல்முதலா வச்சது 1958ல சுவீடன்ல, ஆர்னே லார்சன்ங்கிறவருக்கு. முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடுச்சு. அவர் வாழ்நாள்ல மொத்தம் 26 கருவி மாத்தினார், 86 வயசு வரைக்கும் இருந்தார். இப்ப ஒரு பேட்டரி பெரும்பாலும் 8 வருஷத்துக்கு மேல ஓடும். செல்போன் தாராளமாப் பேசலாம், கருவிலேருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, எதிர்ப்பக்கக் காதுல வச்சுப் பேசுங்க, சட்டைப் பையில போடாதீங்க. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா அந்தக் கருவியோட அட்டையக் காட்டுங்க, எம்ஆர்ஐக்கு ஏத்த வகையான்னு அதப் பாத்துதான் சொல்லுவாங்க.