தொடைத் தசையும் ஒரு சுரப்பிதான்

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் நேயர்களுக்கு வணக்கம். கணையத்தையும் தைராய்டையும் சுரப்பி என்கிறோம். தொடைத் தசையை அப்படி யாரும் நினைப்பதில்லை. ஆனால் சுருங்கும்போதெல்லாம் அது ஹார்மோன் போன்ற பொருள்களை இரத்தத்தில் விடுகிறது. கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழுவினர் 2003இல் இவற்றுக்கு மயோகைன் என்று பெயரிட்டார்கள்.

இன்டர்லூக்கின்-6 என்ற மயோகைனைப் பாருங்கள். நெடுநேரம் ஓடினால் இரத்தத்தில் அது நூறு மடங்குவரை ஏறும், ஓய்ந்த சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஈரலிடமும் கொழுப்பிடமும் தசை எரிபொருள் கேட்கும் குரல் அது. வயது ஏறி, நடமாட்டம் குறைந்து, வயிறு பெருத்தவர்களிடம் அதே பொருள் கொஞ்சமாக, ஆனால் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். வருவதும் பெரும்பாலும் தசையிலிருந்து அல்ல, கொழுப்பிலிருந்தும் நோயெதிர்ப்புச் செல்களிலிருந்தும். அதுதான் அழற்சி, தசையை அரிப்பது அதுவே.

அபெலின் என்ற இன்னொரு மயோகைன் வயதோடு குறைகிறது. துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2018இல் முதிய எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது தசை வலுத்தது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டினைத் தடுக்கும் மருந்துகளையும் மனிதர்களிடம் சோதித்தார்கள். தசை பெருத்தது, நடை அந்த அளவுக்குத் தேறவில்லை. எனவே மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பேன்.

வீட்டில் ஆயாவையோ தாத்தாவையோ கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை வலு குறைந்திருக்கிறது. அதே அசைவுதான் பயிற்சியும்: வாரம் இரண்டு நாள், எட்டுப் பத்து முறை, மூன்று சுற்று. உட்காரும்போது மூன்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போய்விடும். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். கடைசி இரண்டு முறை சிரமமாக இல்லையென்றால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அணைத்துக்கொண்டு எழட்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்ளசைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். வெறும் வயிற்றில் கூடாது.

முதிய தசைக்கு ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராம் புரதம் வேண்டும். ரொட்டியும் தேநீரும் அதில் சிறு பங்குதான் தரும். ஒரு கோப்பை சுகர் பீன்ஸ் பயற்றுக் கறியில் ஏறக்குறைய 15 கிராம், ஒரு கோப்பை அமாசி என்ற புளித்த பாலில் 8, ஒரு முட்டையில் 6. புரட்டாசியில் முட்டையை விடும் வீடுகளில் அமாசியை இரண்டு கோப்பையாக்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.