ஒருவர் வராவிட்டால் தெரிந்துவிடும்

நேயர்களுக்கு வணக்கம்.

'இசை மனிதர்களுக்கு ஏன் முக்கியம்?' என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெரிய வித்வான்கள் பேச வேண்டிய தலைப்பு இது. நான் மேடை ஏறுகிறவன் இல்லை. உள்ளூர்க் குழுக்கள் வாசிக்கும்போது கூடத்தின் பின்பக்கம் ஒலி மிக்ஸரோடு உட்கார்ந்து, யார் மைக்கை ஏற்றுவது, யாருடையதை இறக்குவது என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். ராகம், தாளம், தத்துவம் பற்றி என்னிடம் பெரிதாகச் சரக்கு கிடையாது. ஆனால் அவற்றுக்காக வாரம் தவறாமல் கூடுகிறவர்களைப் பல வருடமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் 'மனசுக்கு நிம்மதி' என்பதுதான் முதலில் வரும் பதில். பொய் இல்லை. ஆனால் நிம்மதி மட்டும்தான் வேண்டுமென்றால் வீட்டிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டால் போதுமே. கேட்க விரும்பும் பாட்டெல்லாம் இப்போது சட்டைப்பையில் இருக்கிறது. அப்படியிருக்க, பகல் முழுக்க வேலை பார்த்த ஒருவர், சாயங்காலம் கனமான ஆம்ப்ளிஃபயரைப் படியேற்றித் தூக்கிக்கொண்டு போய், மொத்தமே நாற்பது பேர் இருக்கும் கூடத்தில் ஏன் வாசிக்க வேண்டும்? அந்த நாற்பதிலும் பாதி, அடுத்து வாசிக்கப்போகும் குழுவும் சொந்தக்காரர்களும். கைக்காசு போகுமே தவிர வராது. வீட்டில் முணுமுணுப்பு வேறு.

எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: அங்கே அவர் தேவைப்படுகிறார். அவர் வராவிட்டால் தெரிந்துவிடும்.

இதை ஒத்திகையில்தான் நன்றாகப் பார்க்க முடியும். கச்சேரியைவிட ஒத்திகையே எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் உள்ள ஒரு குழுவில் பேஸ் கிட்டார்காரர் மட்டும் வரவில்லை என்று வையுங்கள். கேட்க வருகிறவர்களில் பலருக்கு பேஸ் என்று ஒன்று தனியாகக் காதில் விழுந்தே இருக்காது. ஆனால் டிரம்ஸ்காரர் காலால் மிதிக்கும் கிக் விழுகிற அதே நொடியில் பேஸ் தந்தியும் அதிர்ந்தால்தான் அடிக்குக் கனம் வரும். அது இல்லாதபோது கிக் மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல டொப் டொப்பென்று கேட்கும். பாடுகிறவருக்குக் காலுக்கடியில் பிடிமானம் இருக்காது. தன்னையறியாமல் வேகம் பிடிப்பார். டிரம்ஸ்காரர் முறைப்பார். இரண்டு பாட்டு இப்படிப் போனதும் யாராவது போனை எடுத்து, 'எங்கேய்யா இருக்கே?' என்று கேட்பார்கள்.

சேர்ந்திசைக் குழுவிலும் இதே கதைதான். நான்கு குரல் பாடலில் மெட்டு பெரும்பாலும் உச்சக் குரல்காரர்களான சொப்ரானோக்களுக்குப் போய்விடும். நடுவில் நிற்கும் ஆல்ட்டோக்களுக்குச் சில பாடல்களில் வரிக்கு வரி ஏறக்குறைய ஒரே சுரம். வீட்டில் தனியாகப் பாடிப் பார்த்தால் என்ன பாட்டு என்று வீட்டுக்காரர்களுக்கே புரியாது. ஆனால் கூட்டத்தோடு நின்று பாடும்போது, மேலே மெட்டும் கீழே பேஸ் குரலும் நகர, தான் பிடித்து நிற்கும் அந்த ஒரே சுரம் ஒவ்வொரு இடத்திலும் வேறு நிறம் எடுப்பது அவர்களுக்குக் கேட்கும். அந்தச் சுகம் பார்வையாளர் நாற்காலியில் கிடைக்காது. உள்ளே நிற்கிறவர்களுக்கு மட்டும்தான்.

இதைக் கொஞ்சம் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. வயதுவந்தோருக்கான மாலை வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். சிலர் பாட்டு வகுப்பு. மற்றவர்கள் கைவினை வகுப்பும் கதை எழுதும் வகுப்பும். யார் சீக்கிரம் நெருக்கமானார்கள் என்று பார்த்தால், பாட்டு வகுப்புக்காரர்கள்தான். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து பாடியதில் கூச்சம் சட்டென்று விட்டுப்போயிருக்கிறது. இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சமும் இருக்கிறது. ஏழு மாதம் முடிந்தபோது மற்ற வகுப்புக்காரர்களும் அதே அளவு நெருக்கமாகிவிட்டார்கள். ஆக, பாட்டு கதவைச் சீக்கிரம் திறந்துவிடுகிறது. அப்புறம் வேலை செய்வது, வாரம் தவறாமல் வந்து உட்காருவதுதான். எனக்கு இந்த இரண்டாவது பாதியில்தான் நம்பிக்கை அதிகம்.

சரி, இப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்று ஒரு நகரம். 1967இல் அரசாங்கம் திட்டம் போட்டு உருவாக்கிய புது ஊர். 'கான்கிரீட் ஊர், அங்கே என்ன கலை இருக்கப்போகிறது' என்று பலரும் கேலி பேசினார்கள். ரூத் ஃபினெகன் என்ற மானிடவியல் அறிஞர் அங்கேயே குடியிருந்தவர். 1980களின் தொடக்கத்தில் தன் ஊரிலேயே யார் யார் இசைக்கிறார்கள் என்று தேடிப் போனார். பித்தளை வாத்தியக் குழுக்கள், தேவாலயப் பாடகர்கள், ராக் குழுக்கள், ஜாஸ், நாட்டுப்புற இசை மன்றங்கள், ஓபரெட்டா என்கிற இசை நாடகம் போடும் சங்கங்கள் என்று ஊர் நிறைய ஆட்கள். பெரும்பாலானவர்களுக்கு இது பிழைப்பு இல்லை. ஆனாலும் வாரத்தின் கிழமைகளே ஒத்திகையை வைத்துத்தான் அவர்களுக்கு நகர்ந்தன. நாற்காலி போடுகிறவர், தேநீர் கலக்குகிறவர், இசைத்தாள்களைப் படி எடுத்து அடுக்குகிறவர் எல்லோரையும் ஃபினெகன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். கேபிள் சுருட்டும் ஆளாகிய எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.

இந்த உள்ளூர் இசை, ஆட்களுக்கு எவ்வளவு தூரம் முக்கியமாக இருக்க முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவின் கதை. 1880களில் அங்கே ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகம், ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் திருவிழா முரசுகளைத் தடை செய்தது. முரசு போனால் என்ன என்று மூங்கிலை வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1930களின் கடைசியில் மூங்கில் இருந்த இடத்துக்குத் தகரப் பெட்டி, பிஸ்கட் டின், குப்பைத்தொட்டி மூடி எல்லாம் வந்தன. தகரத்தை அடித்து அடித்துக் குழி விழும்போது ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு சுரம் வருவதை யாரோ கவனித்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் எண்ணெய் பீப்பாய்கள் கைக்கு வந்தன. பீப்பாயின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் உள்வாங்க அடித்து, சுரத்துக்கு ஒரு மேடு எழுப்பி, நெருப்பில் காட்டிப் பதப்படுத்தி, மறுபடி தட்டிச் சுதி சேர்ப்பார்கள். இதுதான் ஸ்டீல்பேன்.

அதை வாசித்தவர்களுக்கு அப்போது நல்ல பெயர் இல்லை. ரவுடிப் பையன்கள் என்றுதான் பேச்சு. பேட்டைக்குப் பேட்டை குழு. குழுவுக்குக் குழு உண்மையிலேயே அடிதடி. 1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு, ஒன்றுக்கொன்று ஆகாத அந்தக் குழுக்களிலிருந்தே ஆள் பொறுக்கி ஒரே அணியாக அனுப்பினார்கள். துருப்பிடித்த பீப்பாய்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்கள் வாசிப்பைக் கேட்டு வாயடைத்துப்போனார்கள். 1992இல் ஸ்டீல்பேனைத் தங்கள் தேசிய வாத்தியமாகவே அந்த நாடு அறிவித்துவிட்டது.

என்னை இழுப்பது அந்தப் பெருமைகூட இல்லை. பேன்யார்டு என்கிற அவர்களுடைய ஒத்திகைத் திடல். ஆண்டுதோறும் திருவிழாக் காலத்தில் பனோரமா என்ற பெரிய போட்டி நடக்கிறது. 1963இல் தொடங்கியது. பெரிய குழுக்களில் நூறு பேருக்கு மேல் வாசிப்பார்கள். அதில் பலருக்கு இசைக்குறிப்பு படிக்க வராது. இசையமைப்பாளர் ஒரு சின்னத் துண்டு வாசித்துக் காட்டுவார். அதை ஒருவர் பிடித்துப் பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பார். எட்டு நிமிட உருப்படி ஒன்று இப்படித் துண்டு துண்டாக, வாரக்கணக்கில், இரவு இரவாகக் கைக்கு வரும். மருத்துவர், கொத்தனார், பள்ளிக்கூடப் பிள்ளை, ஓய்வுபெற்ற பாட்டி எல்லாம் ஒரே வரிசையில். திடலைச் சுற்றிப் பேட்டைக்காரர்கள் உட்கார்ந்து அதே நாலு வரியைச் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போட்டியில் என்ன பரிசு வந்தாலும் சரி, அந்த வாரங்களை யாரும் அவர்களிடமிருந்து பிடுங்க முடியாது.

வேலை போனாலும் குழு நிற்கும் என்பதற்கு இங்கிலாந்திலேயே சாட்சி இருக்கிறது. கிரைம்தார்ப் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரின் பித்தளை வாத்தியக் குழு 1917இல் தொடங்கியது. 1992 அக்டோபரில் சுரங்கத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அதே மாதம் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நடந்த தேசியப் போட்டியில் முதல் பரிசை வாங்கியது இந்தக் குழுதான். மறு வருடம் சுரங்கம் மூடியாயிற்று. குழு இன்றும் வாசிக்கிறது.

இதற்கெல்லாம் இடம் வேண்டும். பெரிய அரங்கம் தேவையில்லை. தப்பாக வாசித்தாலும் தலை போகாத ஒரு சின்ன இடம் போதும். ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிற 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்தது, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு பெண் ஏற்பாடு செய்த விருந்து. பள்ளி திறக்கும்முன் துணிமணி வாங்கக் காசு சேர்ப்பதற்காக வைத்தது. இசைத்தட்டு சுழற்றியவர் அந்தப் பெண்ணின் பதினெட்டு வயது அண்ணன், கூல் ஹெர்க். அந்தக் கூடத்தை அன்றைக்கு யாராவது பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

பூட்டத்தான் பார்க்கிறார்கள், எல்லா நாட்டிலும். பக்கத்தில் புதிதாகக் குடியிருப்பு எழும்பும். குடிவந்தவர் இரைச்சல் என்று புகார் கொடுப்பார். அந்த இடத்தில் வருடக்கணக்காக நடந்த இசை நின்றுபோகும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் வந்த சிக்கல் வேறு மாதிரி. நேரடி இசை நடக்கும் மதுக்கூடங்கள் எல்லாம் ஆபத்தான இடங்கள் என்று உரிம விதி சொன்னது. சின்ன இடத்துக்கும் காவலாட்கள் வைக்க வேண்டும், செலவு கட்டுப்படியாகவில்லை. 2010 ஜனவரியில் 'தி டோட்' என்ற பழைய இசைக்கூடம் மூடியது. அடுத்த மாதமே ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். ஒரு பழைய கூடத்துக்காக! அரசாங்கம் இறங்கிவந்தது, டோட் அதே ஆண்டு திறந்தது. 2014இல் அந்த மாநிலம் இன்னொரு விதியும் கொண்டுவந்தது: ஏற்கெனவே இசை நடக்கும் இடத்தின் பக்கத்தில் யார் புதிதாகக் கட்டுகிறாரோ, ஒலித்தடுப்புச் செலவு அவருடையது. இங்கிலாந்தும் 2018இல் இதே கொள்கையைத் தன் திட்ட விதிகளில் சேர்த்துக்கொண்டது. என்னைக் கேட்டால், இசைக்குக் கொடுக்கும் விருதுகள் எல்லாவற்றையும்விட இந்த ஒற்றை விதி அதிகம் காப்பாற்றும்.

உள்ளூர் இசை வட்டம் என்றால் எல்லாம் அன்பும் அரவணைப்பும் என்று நினைத்துவிட வேண்டாம். குழு அரசியல் உண்டு. பழைய ஆட்கள் புது ஆளை ஏற இறங்கப் பார்ப்பதுண்டு. மிக்ஸரில் பெண் உட்கார்ந்திருந்தால் அவளிடமே வந்து 'சவுண்டுக்காரர் எங்கே?' என்று கேட்கிறவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்புறம் இந்த 'உங்களுக்கு நல்ல வாய்ப்பு' என்ற பேச்சு. ஒரு விழாக் குழுவினர், பந்தல்காரருக்கும் விளக்குக்காரருக்கும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பாடினவர்களிடம் மட்டும் வாய்ப்பைப் பற்றிப் பேசினார்கள். ஆசைக்கு வாசிக்கிறவர் என்றால் ஓசிக்கு வாசிப்பார் என்று அர்த்தமா என்ன? இசை ஒருவருக்கு உயிர் என்பது அவருக்குக் கூலி கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

நிகழ்ச்சிக்கு முன்னால் ஒருங்கிணைப்பாளர் ஒன்று கேட்டார்: 'சார், எனக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது, இனிமேல் எங்கே போய்ச் சேர்வது?' அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எந்த ஊர்ச் சேர்ந்திசைக் குழுவைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: பெண் குரல்கள் போதும் போதுமென்று இருக்கும், ஆண்களில் டெனார் குரலுக்குப் பஞ்சம். மேல்சுதி எட்டுகிற ஓர் ஆண் கதவருகே போய் நின்றால் போதும். பாடத் தெரியுமா என்றுகூடக் கேட்காமல் கையில் தாளைக் கொடுத்து வரிசையில் நிறுத்திவிடுவார்கள். குரல் எட்டவில்லையா, பேஸ் பக்கம் நின்றுகொள்ளலாம். அதுவும் வரவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். கேபிள் சுருட்ட ஆள் தேவைப்படுகிறது.

நன்றி. வணக்கம்.