அந்த ஆழத்துல எல்லாமே மெதுவாதான்

வணக்கம் நேயர்களே. 2007ல கலிபோர்னியாவோட மான்டரே கடல் பள்ளத்தாக்குல, சுமார் 1400 மீட்டர் ஆழத்துல, பாறையில முட்டைய ஒட்டி வச்சு அது மேலயே படுத்துக் காவல் காத்துட்டிருந்த ஒரு ஆக்டோபஸ ஆராய்ச்சியாளர்கள் பாத்தாங்க. திரும்பத் திரும்ப ரோபோவ அனுப்பிப் பாத்தா அதே இடம், அதே தாய், முட்டை பெருசாகிட்டே போகுது, இது மெலிஞ்சு தோலெல்லாம் வெளுத்துகிட்டே போகுது, நண்டுத் துண்ட நீட்டுனாகூட தொடல. 2011ல ஒரு தடவை போனப்ப தாய் இல்ல, காலி முட்டைக்கூடுதான் இருந்துச்சு. மொத்தம் 53 மாசம்!

ஏன் இவ்ளோ மெதுவா? அங்க தண்ணி 3 டிகிரிதான், வெளிச்சம் கிடையாது, சாப்பாடுன்னா மேல செத்துப்போற நுண்ணுயிர், கழிவு எல்லாம் துணுக்கு துணுக்கா கீழ உதிருது பாருங்க, கடல் பனின்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் அத நம்பித்தான் பொழப்பு. இப்ப அந்தப் பொழப்புக்கும் ஆபத்து: பூமி சூடாகுறதுல வர்ற கூடுதல் வெப்பத்துல 90 சதவீதத்துக்கு மேல கடல்தான் வாங்கிக்குது, மேல்தண்ணி சூடானா கீழ்த்தண்ணியோட சரியா கலக்காது, சத்து மேல வராது, மிதவை உயிரிங்க குறையும், அப்ப கீழ விழுற பனியும் குறையும். ஆக்ஸிஜனும் அதே மாதிரி கீழ இறங்காது.

மீன் விஷயமும் இதேதான். ஆரஞ்சு ரஃபின்னு ஒரு மீன், 100 வயசுக்கு மேல வாழும், முட்டை போடுற பருவம் வரவே 20, 30 வருஷம் ஆகும், அத கூட்டமா சேர்ற இடத்துல போய் இழுவலை போட்டு அள்ளுனா திரும்ப எப்ப பெருகும் சொல்லுங்க? வலையோட சேந்து பல நூறு வருஷம் வளந்த பவளமும் உடைஞ்சு வருது.

இப்ப சுரங்கம் வரப் போகுது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவுல கிளாரியன் கிளிப்பர்ட்டன் பகுதியில, 4000 மீட்டருக்குக் கீழ, உருளைக்கிழங்கு சைஸ்ல மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் உருண்டைங்க பரவிக் கிடக்கு. அது 10 லட்சம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும். சுத்தி எல்லாம் சேறு, கெட்டியான இடம்னா அந்த உருண்டைதான், அதனால கடல்பஞ்சுங்குற (ஸ்பாஞ்ச்) உயிரினம் அதுல ஒட்டி வளருது, 2016ல கண்டுபிடிச்சு கேஸ்பர்னு செல்லமா கூப்பிடுற வெள்ளை ஆக்டோபஸோட சொந்தக்காரங்க செத்த கடல்பஞ்சுத் தண்டுலதான் முட்டை போடுறாங்க. உருண்டைய உறிஞ்சி எடுத்துட்டா அவங்க எங்க போவாங்க?

1989ல பெரு கடல்ல சோதனைக்காக கடல்தளத்த உழுது பாத்தாங்க. 26 வருஷம் கழிச்சு போனப்பவும் உழுத தடம் அப்படியே தெரியுது, சேத்துல இருக்குற நுண்ணுயிர்கூட பழைய நிலைக்கு வரல. அது சின்ன சோதனை, கம்பெனிங்க கேக்குறது ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர்! ஜமைக்காவுல இருக்குற சர்வதேச கடல்தள ஆணையத்துல இன்னும் சுரங்க விதிமுறை பேசிட்டிருக்காங்க, 30 நாடுகளுக்கு மேல இப்போதைக்கு நிறுத்தி வைங்கன்னு கேக்குறாங்க. நானும் அதையேதான் கேக்குறேன். நன்றி, வணக்கம்.