‘23 வயது இளைஞர் கைது’: போதைச் செய்தியை எப்படி வாசிப்பது?

[திரை: கறுப்புப் பின்னணியில் செய்தி வரி வரியாக எழுகிறது. பெயர் இல்லை, படம் இல்லை.]

வணக்கம். முதலில் இந்தச் செய்தியைக் கேளுங்கள்.

“யாழ். நகரை அண்டிய பகுதியில் 120 மில்லிகிராம் ஹெரோயினுடன் 23 வயதுடைய இளைஞர் ஒருவர் நேற்றுக் கைது செய்யப்பட்டுள்ளார். பொலிஸாருக்குக் கிடைத்த இரகசியத் தகவலையடுத்து மேற்கொள்ளப்பட்ட சுற்றிவளைப்பிலேயே இவர் கைதானார். மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்.”

இது நான் மாதிரிக்கு எழுதியது. ஆனால் இதே செய்தியை நீங்கள் போன கிழமையும் வாசித்திருப்பீர்கள். வயதையும் ஊரையும் மாற்றினால் அடுத்த கிழமைக்கும் ஓடும்.

[திரை: தேநீர்க் கடை வாங்கு, மடித்து வைத்த பத்திரிகை]

கடையில் யாராவது இதை உரத்து வாசித்தால் பின்னால் மூன்று கதை வரும். “பிடிச்சு என்ன, நாளைக்கு வெளியில வந்திடுவான்.” “பொலிசுக்குத் தெரியாமலே விக்கிறாங்கள்?” “எங்கட காலத்தில பின்னேரம் கிரவுண்டில நிண்டம், இப்பத்தைப் பெடியள் போனும் கையுமா திரியிறாங்கள்.” மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றுமே அந்தச் சின்னச் செய்தியை வைத்துக் கட்டியவை என்பதுதான் சிக்கல். அந்தச் செய்தியில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதுதான் அதிகம்.

நாளைக்கு வெளியில் வருவானா? அது நிறையைப் பொறுத்தது. இலங்கையின் போதைப்பொருள் சட்டத்துக்கு 1984இல் வந்த திருத்தத்தின்படி 2 கிராமோ அதற்கு மேலோ சுத்தமான ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை, ஆகவே நடைமுறையில் அது ஆயுள் சிறைதான். 2022இல் வந்த திருத்தம் ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) போதைப்பொருளையும் இந்தக் கடும் தண்டனைப் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. குறைந்தது மேல் நீதிமன்றம் வரை போக வேண்டும்.

[திரை: ஒரு பக்கம் 120 மி.கி., மறுபக்கம் 2,000 மி.கி. பட்டை வரைபடம்]

இப்போது அந்த 120 மில்லிகிராமைப் பாருங்கள். ஒரு கிராம் என்றால் ஆயிரம் மில்லிகிராம். சட்டம் சொல்லும் 2 கிராமில் இது ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்குதான். அதுவும் சரையோடு பொலிஸ் நிறுத்த நிறை. வழக்குக்குத் தேவை சுத்தமான போதைப்பொருளின் நிறை. அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தின் அறிக்கை வந்தால்தான் அது தெரியும். தலைப்பில் ‘ஹெரோயினுடன் கைது’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் 120 மில்லிகிராம் வைத்திருந்தவன் பெரும்பாலும் பாவிக்கிறவன். மிஞ்சிப்போனால் தன் செலவுக்காக இரண்டு பேருக்கு விற்கிறவன். அவன் பிணையில் வருவது சட்டப்படி நடப்பதுதான். பொலிஸ் காசு வாங்கிக்கொண்டு விட்டதற்கு அதை அத்தாட்சியாகக் காட்ட முடியாது.

சரி, கைது கூடினால் போதை குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? வலையில் பட்ட மீனை எண்ணிக் கடலில் எவ்வளவு மீன் என்று சொல்ல முடியாதே. வல்வெட்டித்துறையிலோ மாதகலிலோ கேரளக் கஞ்சாப் பொதிகள் பிடிபட்டால் கடற்படை அன்று சரியான இடத்தில் நின்றது என்று தெரிகிறது. பிடிபடாமல் கரையேறியது எவ்வளவு என்று எந்தச் செய்தியும் சொல்லாது. கைதுக் கணக்கு பொலிஸார் எவ்வளவு ஓடினார்கள் என்பதைத்தான் காட்டும்.

[திரை: தொலைக்காட்சிக் கமரா, வீட்டு வாசல், வரைபடமாக]

இதற்குப் பெரிய உதாரணம் 2023 டிசம்பர் 17 அன்று தொடங்கிய ‘யுக்திய’ என்ற நாடளாவிய போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை. பொலிஸார் வீட்டுக்குள் நுழைய, பின்னாலேயே கமராவும் நுழைந்தது. மாலைச் செய்தியில் தினமும் கைதுக் கணக்கு. ஒரு மாதம் முடிவதற்குள் 29,000 பேருக்கு மேல் கைதானதாகச் சுட்டிக்காட்டி, பிடியாணை இல்லாத சோதனைகள் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கவலை வெளியிட்டது. அதை நடத்திய பதில் பொலிஸ் மா அதிபர் பிறகு அந்தப் பதவியில் நிரந்தரமானார். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் வாக்களித்து அவரையே பதவி நீக்கியது. காரணம் வேறு, ஆனால் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்துக் கைதட்டியவர்களும் நம்மிடையே இருந்தார்கள் என்பதை ஒரு பக்கமாகக் குறித்துவைப்போம்.

இன்னொன்று: கைதானவரின் முகத்தை முகநூல் பக்கங்களில் போடுவது. சில வழக்குகளில் அடையாள அணிவகுப்பு நடக்கும். சாட்சிக்காரர் ஏற்கெனவே தன் போனில் அந்த முகத்தைப் பார்த்திருந்தால், அந்த அடையாளத்தில் என்ன பெறுமதி என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். நியாயமான கேள்வி. நீங்கள் கோபத்தில் பகிர்ந்த படம் குற்றவாளியைக் காப்பாற்றவும் கூடும். குற்றமே செய்யாதவன் என்றால், விடுதலையான செய்தியை அந்தப் பக்கம் போடவும் போவதில்லை.

‘பொலிசுக்குத் தெரியாமலா’ என்ற கேள்வி வெறும் போதைப்பொருளால் வந்ததில்லை. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தபோது முதலில் விபத்து என்றுதான் செய்தி வந்தது. பொலிஸார் சுட்டது பிறகுதான் வெளியே வந்தது, ஐந்து பொலிஸார் கைதானார்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் தடுத்து வைத்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தன்னை அடித்ததாக அவர் வைத்தியசாலையில் சொன்ன காணொளியைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. இவ்வளவையும் மனதில் வைத்திருக்கும் தாய்க்குத் தன் பிள்ளைக்கு ஐஸ் விற்கிறவன் யாரென்று தெரிந்தாலும் பொலிஸ் நிலையப் படியேற மனம் வருமா? ஏறினாலும் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். தகவல் கொடுத்தவரின் பெயர் வெளியே போகாது என்று அவர் நம்பவும் வேண்டும். எல்லாப் பொலிஸாரும் பங்கு வாங்குகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. தகவல் வராத இடத்தில் சின்னப் பெடியள்தான் அகப்படுவார்கள், அவ்வளவுதான்.

[திரை: மாலை வெயில், வெறும் கரப்பந்தாட்ட வலை]

அடுத்தது கிரவுண்ட் கதை. இதைச் சொன்னால் சில அண்ணைமார் கோபிப்பார்கள். விளையாட்டில் நமக்குக் குறை இல்லை. சென். ஜோன்ஸும் மத்திய கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும்போர்’ கிரிக்கெட் போட்டி 1904இல் தொடங்கியது. ஆவரங்கால் என்றால் கரப்பந்தாட்டம், குருநகர் என்றால் உதைபந்தாட்டம். மத்திய கல்லூரியில் பந்து வீசிய பெடியன் 2024இல் ஐ.பி.எல். வரை போனான். ஆனால் பிக் மட்ச் நாளில் மதிலுக்கு வெளியே எத்தனை போத்தல் உடைகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கழகம் கிண்ணம் வென்ற இரவில் எலுமிச்சைத் தண்ணி குடித்தா கொண்டாடுகிறார்கள்? 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது குற்றம் என்ற சட்டம் அன்று யாருக்கும் நினைவில் இருக்காது.

விளையாட்டு உதவுகிற இடமும் உண்டு. ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 வீதமானோர் முந்தைய மாதத்தில் குடித்து வெறித்திருந்தார்கள். 2016இல் அது 5 வீதம். அங்கே பந்தைக் கொடுத்துக் கிரவுண்டுக்குப் போ என்று மட்டும் விடவில்லை. சம்பளம் வாங்கும் பயிற்றுநர்கள், கழகக் கட்டணத்துக்கு நகரசபை கொடுத்த காசு, இரவில் பிள்ளைகள் வெளியே நிற்க நேரக் கட்டுப்பாடு, பிள்ளையோடு கூட நேரம் செலவழிக்கும்படி பெற்றோருக்கு வலியுறுத்தல் என்று எல்லாம் ஒன்றாக நடந்தன. நம் பிள்ளைகளின் பின்னேரம் ரியூசனுக்குச் சொந்தம், சனி ஞாயிறும் அதற்கே. பத்தாம் வகுப்பு வந்ததும் மட்டையைப் பறித்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, பிறகு கிரவுண்ட் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று பிள்ளையையே குறை சொல்கிறோம்.

ஐஸ் பாவிக்கிறவர் வீட்டில் இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஹெரோயினைக் கைவிட உதவும் மாற்று மருந்துகள் உலகில் உண்டு. ஐஸுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. நாட்கணக்கில் நித்திரை இல்லாமல், எல்லோரும் தன்னைத் துரத்துகிறார்கள் என்ற சந்தேகத்தோடு இருப்பார். நிறுத்தியதும் நாள் முழுக்கத் தூங்குவார், மனம் சோர்ந்து விழும். அந்த நாட்களில் உயிரை மாய்க்கும் எண்ணமும் வரலாம், தனியே விடாதீர்கள். தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் மனநல சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி இலக்கம் 1927.

[திரை: 1927 என்ற இலக்கம், பெரிதாக]

உங்கள் ஊர்க் கதையைக் கீழே எழுதுங்கள், வாசிப்பேன். யாருடைய பெயரையோ படத்தையோ போட்டால் மட்டும் அழித்துவிடுவேன்.