பரணில் கிடப்பது வைத்திருப்பது ஆகுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

பரம்பரையாகவோ பரிசாகவோ வந்த பொம்மை வீட்டை வைத்துக்கொள்வதா, விற்பதா என்பது தலைப்பு. விற்கலாம் என்ற அணியில் நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் பாட்டியின் கைகளைப் பற்றிப் பேசி, முன்வரிசையில் சிலரைக் கண்கலங்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஈரம் காயும் முன்பே நான் விலை, ஏலம் என்று ஆரம்பித்தால் கல்நெஞ்சக்காரி என்பீர்கள். அதனால் முதலில் அளவு நாடாவை எடுக்கிறேன். அது யாருக்காகவும் அழாது.

சேகரிப்பவர்களிடம் மிகப் பரவலாக இருக்கும் அளவு பன்னிரண்டுக்கு ஒன்று. அசல் வீட்டில் ஒரு அடி என்றால் பொம்மை வீட்டில் ஒரு அங்குலம். 36 அடி அகலமுள்ள மாளிகை 3 அடியாக வந்து நிற்கும். 10 அடி உயர அறை 10 அங்குலம். அப்படி இரண்டு மாடி, மேலே கூரை, புகைபோக்கி என்று சேர்த்தால் உயரமும் சாதாரணமில்லை. பல வீடுகளில் முன்சுவரே கதவுபோலத் திறக்கும், அதற்கு முன்னால் காலியிடம் விட வேண்டும். வெயில் நேராக விழுந்தால் சுவர்த்தாள் வெளுக்கும். ஈரப்பதம் ஏறி இறங்கினால் மரம் விரிந்து சுருங்கி ஒட்டு விடும். இத்தனைக்கும் பொருந்தும் ஒரு மூலை உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் தேடிப் பாருங்கள். கிடைக்காது. எதிரணியினருக்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் அது பரண் ஏறுகிறது. வீட்டிலேயே அதிகம் சூடாவதும் பூச்சி அரித்தால் யார் கண்ணிலும் படாததும் அந்தப் பரண்தான்.

"கீழே இறக்கிக் குழந்தைகளிடம் கொடுங்கள், விளையாடட்டும்" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். நல்ல மனசு. ஆனால் பழைய பொம்மை வீடு என்றால் பழைய சாயம். பழைய சாயத்தில் ஈயம் என்ற நச்சு உலோகம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் வீட்டுச் சாயத்திலும் பொம்மைகளிலும் ஈயச் சாயத்துக்குத் தடை வந்ததே 1978-ல்தான். சின்னக் குழந்தை அந்த ஜன்னல் சட்டத்தை வாயில் வைக்காது என்று யார் ஜாமீன் கொடுப்பது?

சுரண்டிவிட்டுப் புதுச் சாயம் அடிக்கலாமே என்பீர்கள். சுரண்டினால் அந்த ஈயம் தூசியாகப் பறந்து மூச்சோடு உள்ளே போகும். அதோடு, பழைய வீட்டின் மதிப்பே அந்த முதல் சாயத்திலும் முதல் சுவர்த்தாளிலும்தான் இருக்கிறது. பளபளவென்று ஆக்கிய அன்றே பாதி மதிப்பைக் கழுவி ஊற்றிவிட்டோம். சரி, தொடாமலே வைத்திருப்போம் என்றால், அப்புறம் வீட்டில் நாள் முழுக்க ஒரே பாட்டு: "தொடாதே, தொடாதே." விளையாடுவதற்காகவே செய்தது போன்ற ஒன்றைக் கண்ணெதிரே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதைவிடக் கொடுமை உண்டா?

நடுவர் அவர்களே, என் வாதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விளையாட்டுச் சாமானாகவும் இருக்க முடியாமல், காட்சிப் பொருளாகவும் இருக்க முடியாமல் அந்த வீடு நம்மிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. இரண்டில் ஒன்றாக அதை வாழவைக்கக்கூடிய ஆள் வேறெங்கோ இருக்கிறார். அவரிடம் அது போய்ச் சேர வழி, விற்பது.

பிரிட்டன் அரசி மேரியின் பொம்மை வீட்டை எதிரணியினர் எடுத்துக்காட்டினார்கள். பரிசாக வந்ததை நூறு வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்களே என்றார்கள். உண்மைதான். கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து, 1921-க்கும் 1924-க்கும் இடையில் உருவான வீடு அது. மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஏறி இறங்கும். அது இருக்கும் இடம் பிரிட்டன் அரச குடும்பத்தின் வின்ட்சர் கோட்டை! கோட்டையும், அதைத் துடைத்துப் பராமரிக்க ஆட்களும் உள்ளவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும், நான் தடுக்கவில்லை. கட்டி முடித்ததும் அதைக்கூட உள்ளே பூட்டி வைக்கவில்லை, 1924-ல் லண்டன் வெம்பிளி கண்காட்சியில் கொண்டுபோய் மக்களுக்குக் காட்டினார்கள்.

அவர்கள் சொல்லாமல் விட்ட இன்னொரு வீடு இருக்கிறது. டைட்டானியாவின் அரண்மனை என்று பெயர். நெவில் வில்கின்சன் என்பவர் தன் மகளுக்காக 1907-ல் ஆரம்பித்து 1922-ல் முடித்தது. குட்டித் தேவதைகள் குடியிருக்க ஒரு மாளிகை வேண்டும் என்று அந்தச் சிறுமி கேட்டாளாம். அப்பா பதினைந்து வருடம் அதில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் மகள் வளர்ந்தே போனாள், அது வேறு விஷயம். அப்பா மகளுக்கென்று செய்தது, இதைவிட உணர்ச்சிகரமான பரிசு இருக்குமா? அதை விற்றார்கள். 1978-ல் ஏலத்தில் லெகோலாந்து என்ற பொழுதுபோக்குப் பூங்கா வாங்கியது, வீடு டென்மார்க் போனது. இன்றைக்கு அதே நாட்டில் எகெஸ்கோவ் கோட்டையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஏலச் சுத்தியல் தட்டியதால் அந்த அப்பாவின் பாசம் குறைந்து போயிற்றா? கதையை நான் இங்கே நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

நியூயார்க்கில் கேரி ஸ்டெட்ஹைமர் என்பவர் இருபது வருடத்துக்குப் பக்கமாக ஒரு பொம்மை வீட்டை இழைத்து இழைத்துச் செய்தார். அவர் 1944-ல் இறந்த பிறகு, தங்கை எட்டி அதை நகர அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். "கொடுத்தார், விற்கவில்லையே" என்று எதிரணி துள்ளுவது தெரிகிறது. சரி, அரைப் புள்ளி உங்களுக்கு. ஆனால் அவர் வைத்துக்கொள்ளவும் இல்லையே!

அடுத்து, "காத்திருந்தால் விலை ஏறும்" என்ற வாதம். விலையைத் தீர்மானிப்பது யார் செய்தது, எவ்வளவு அசலாக இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்பவைதான். முதலிரண்டும் காத்திருந்தால் மாறாது. மூன்றாவது மாறும், கீழ்நோக்கி. ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் அணிக்குச் சாதகமில்லை என்றாலும் பரவாயில்லை: பெரும்பாலான பழைய பொம்மை வீடுகளுக்குப் பெரிய தொகை வராது. நம் பாட்டியின் நினைவுக்குச் சந்தையில் விலை கிடையாது. பணக்காரர் ஆகலாம் என்று விற்காதீர்கள். அது பிழைக்க வேண்டும் என்று விற்றுவிடுங்கள்.

அண்ணன் தங்கை இருவருக்கும் சேர்த்து வந்துவிட்டால்? எதிரணி இதைத் தொடவே இல்லை. அண்ணன் வீட்டை எடுத்துக்கொள்வார், தங்கை உள்ளே இருக்கும் மேசை நாற்காலியை எடுத்துக்கொள்வார், இரண்டு பேரும் பத்து வருடம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அசல் வீடும் அதற்கென்றே செய்த சாமான்களும் சேர்ந்து இருந்தால்தான் அர்த்தம், விலையும் அப்படித்தான். முழுசாக விற்றுப் பணத்தைப் பங்கிட்டால் வீடும் உடையாது, உறவும் உடையாது.

கொடுத்தவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், இதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. பல நேரம் பதில் ஆச்சரியமாக இருக்கும்: "எனக்கே வைக்க இடமில்லாமல்தானே உன்னிடம் கொடுத்தேன்!"

"நாளைக்குப் பேத்தி வந்து வீடு எங்கே என்று கேட்டால்?" என்ற கேள்விக்குத்தான் அதிகம் கைதட்டல் விழுந்தது. பதில் சொல்கிறேன். விற்கும் முன்பு ஒவ்வொரு அறையையும் சாமான் கலையாமல் படம் எடுங்கள். அடிப்பலகையைத் திருப்பிப் பார்த்து, செய்தவர் முத்திரை இருந்தால் அதையும் எடுங்கள். யார் செய்தது, யாருக்கு வந்தது, எந்தத் திரைச்சீலையை யார் தைத்தது என்று ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை வாங்குபவரிடம் கொடுங்கள். பாட்டி தன் கையால் தைத்த அந்த விரலளவு மெத்தையை மட்டும் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பேத்தி கேட்கிற அன்று மெத்தையைக் கையில் கொடுத்து, படத்தைக் காட்டி, வீடு யாரிடம் இருக்கிறது என்றும் சொல்லலாம். பரணில் வைத்திருப்பவர் எதைக் காட்டுவார்? ஏணியைத்தான்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் எனக்காக எதிரணியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் வைத்திருப்பதாகச் சொல்லும் அந்த வீட்டின் முன்கதவைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? அவர்கள் யோசித்துச் சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி, வணக்கம்.