ஊசிக்களா வேரின் மஞ்சள்

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கமோ குன்னூர்ப் பக்கமோ, தேயிலைத் தோட்டத்து ஓரமாக, சோலை முடிகிற இடத்தில் முள்ளும் முடிச்சுமாக நிற்கும் ஊசிக்களாவைப் பார்க்காதவர்கள் இந்த மலையில் இருக்க மாட்டீர்கள். படுகர் பேச்சில் ஜக்கல. அதன் கருநீலப் பழத்தைப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். இன்றைக்கு நாம் பேசப்போவது பழத்தைப் பற்றி இல்லை, வேரைப் பற்றி. வேர்ப்பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பளிச்சென்று மஞ்சள். நாக்கில் பட்டால் கசப்பு. அந்த மஞ்சளுக்கும் கசப்புக்கும் முக்கியக் காரணம் பெர்பெரின் என்கிற பொருள்.

இந்தப் பெர்பெரினைச் சற்று மாற்றி அமைத்துச் செலுத்தினால், ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்கிற கல்லீரல் புற்றுநோய்ச் செல்களின் வேகம் குறைகிறது. மாற்றாத பெர்பெரினும் குறைக்கிறதுதான், ஆனால் அதற்கு நிறைய வேண்டும். எவ்வளவு நிறைய என்று கணக்காகவே சொல்கிறேன். தட்டில் சாதாரணமாக விடுகிற அளவு 50 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 17,000 நானோகிராம். ஒரு மனிதர் 400 மில்லிகிராம் பெர்பெரினை வாயால் விழுங்கினால், அவர் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம்கூடத் தேறுவதில்லை. பதினேழாயிரம் எங்கே, ஒன்று எங்கே!

ஏன் இப்படி? பெர்பெரின் மூலக்கூறில் நேர் மின்னேற்றம் இருக்கிறது. குடலின் செல்களைச் சுற்றி இருப்பதோ கொழுப்பாலான சவ்வு. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தண்ணீர்த் துளி ஒட்டாமல் உருண்டு ஓடுகிறதே, அந்த மாதிரி இதுவும் சவ்வில் பிடிபடாமல் நிற்கிறது. தப்பித்து உள்ளே போனதையும் குடலில் இருக்கிற ஒரு பம்ப் பிடித்து வெளியே தள்ளுகிறது. அதையும் தாண்டினால் கல்லீரல் அதை உருமாற்றிவிடுகிறது. ஆக, நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. வேரைக் கஷாயம் வைத்துக் குடித்தால் கல்லீரல் கட்டி கரையும் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காகத்தான் வேதியியலார் கைவைக்கிறார்கள். படம் போட்டுக் காட்ட முடியாது, வாயால் சொல்கிறேன். பெர்பெரின் என்பது தேனடையின் அறைகள் போல ஒட்டிக்கொண்டிருக்கும் வளையங்கள். அதன் ஒன்பதாவது இடத்தில் ஆக்சிஜனோடு ஒரு சின்ன மீதைல் துண்டு தொங்குகிறது. உலர்ந்த மஞ்சள் பொடியைக் காற்றை உறிஞ்சி எடுத்த குடுவையில் 190 டிகிரி செல்சியஸில் கால் மணி, அரை மணி நேரம் சூடாக்கினால் அந்தத் துண்டு கழன்று விழுந்துவிடும். கழன்றது கண்ணுக்கே தெரியும். மஞ்சள் பொடி மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாக மாறும். அதற்குப் பெயர் பெர்பெருபின். ஈரம் இருந்தாலோ சூடு மீறினாலோ கருகிப் பிசினாகிவிடும், விளைச்சல் போய்விடும். துண்டு கழன்ற இடத்தில், எட்டோ பத்தோ கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு வாலைப் பொருத்துகிறார்கள். கொழுப்போடு ஒத்துப்போகிற வால். அது சவ்வுக்குள் நுழைய வழி செய்கிறது. அதே விளைவு குறைந்த அளவிலேயே கிடைக்கிறது.

வாலை நீட்டிக்கொண்டே போனால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஒரு நீளத்துக்கு மேல் ஆபத்து. ஒரு முனையில் மின்னேற்றம், மறுமுனையில் நீண்ட கொழுப்பு வால் என்றால் அது சோப்பின் அமைப்பு. சோப்பு எந்தச் செல்லையும் கிழிக்கும், நல்ல செல்லையும் சேர்த்து. ஆகவே நல்ல செல்லையும் பக்கத்திலேயே வைத்துச் சோதிக்காத முடிவை நான் முடிவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடக்கிற இடமே அதுதான். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஐந்தாயிரம், பத்தாயிரம் செல்கள். ஒருநாள் ஒட்டிக்கொள்ள விட்டு, மருந்தை ஊற்றி, இரண்டு மூன்று நாள் 37 டிகிரியில் வைப்பார்கள். பிறகு எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கிற செல் அதை ஊதா நிறப் படிகமாக்கும். படிகத்தைக் கரைத்து ஊதாவின் அடர்த்தியைக் கருவியில் அளப்பார்கள். ஊதா குறைந்தால் செல் குறைந்தது என்று கணக்கு.

இந்தக் கணக்கு பெர்பெரினிடம் ஏமாறும். சாயத்தை ஊதாவாக்கும் வேலையில் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பங்கு உண்டு, அதாவது செல்லுக்குள் மூச்சுவிடும் உறுப்புக்கு. பெர்பெரின் நேரே போய்ச் சேர்வதும் அங்கேதான், அதன் மூச்சைக் குறைப்பதும் அதன் குணம்தான். அப்படியானால் ஊதா மங்கியதற்குச் செல் செத்தது காரணமா, செல் சோர்ந்து கிடப்பது காரணமா? சாயம் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. செல்களை எடுத்து டிரைபான் நீலம் கலந்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது ஆகாது. வளர்ச்சி மட்டுப்படுவதும் சாவதும் ஒன்றல்ல. மட்டுப்பட்ட செல், மருந்தை எடுத்ததும் மறுபடி பெருகத் தொடங்கலாம்.

இன்னும் இரண்டு தவறுகள். மருந்தைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ திரவம் நூற்றில் அரைப் பங்கைத் தாண்டினாலே செல்லைப் பாதிக்கும், பழி மருந்தின் மேல் விழும். தட்டின் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி மருந்து கெட்டியாகிவிடும், அதனால் ஓரத்தில் வெறும் நீர் ஊற்றி வைப்பது வழக்கம். செல்லின் பூர்வீகமும் முக்கியம். உலகெங்கும் அதிகம் பயன்படும் ஹெப்ஜி2 செல்கள் 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கட்டியிலிருந்து வந்தவை. பெரியவர்களுக்கு வருகிற புற்றுநோய் என்று வெகுகாலம் நம்பினார்கள். அது குழந்தைகளுக்கு வரும் வேறு வகைக் கட்டி என்று பிறகுதான் தெளிந்தது. ஹூ7 போன்ற இன்னொரு வகையிலும் பார்க்காமல் விடக் கூடாது.

மாற்றி அமைப்பதன் அருமைக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரமே சாட்சி. இலையைக் கசக்கினால் நாற்றம் வீசும் நோத்தாபோடைட்டிஸ். கேம்ப்டோதெசின் என்ற பொருள் 1966-ல் அமெரிக்காவில் ஒரு சீன மரத்திலிருந்து கிடைத்தது. அதே பொருள் நம் நாற்ற மரத்திலும் இருப்பதை 1972-ல் இந்திய வேதியியலார் கண்டார்கள். செல்லைக் கொல்லும், ஆனால் தண்ணீரில் கரையாது. கரைய வேண்டும் என்று அதைச் சோடியம் உப்பாக்கி நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். உப்பாக்கும்போது மூலக்கூறின் ஒரு வளையம் திறந்துகொள்கிறது, திறந்ததும் வீரியம் போய்விடுகிறது. புளிப்பான சிறுநீரில் அதே வளையம் மறுபடி மூடிக்கொள்கிறது. வீரியம் எங்கே திரும்பியது பாருங்கள்: சிறுநீர்ப்பையில்! ரத்தமாகச் சிறுநீர் போயிற்று, சோதனை நின்றது. 1985-ல் அது செல்லுக்குள் எந்த நொதியைப் பிடிக்கிறது என்று தெரிந்தது. பிறகு வளையத்தைத் தொடாமல், வேறொரு மூலையில் தண்ணீருக்கு இசைவான துண்டை ஒட்டினார்கள். 1996-ல் டோபோடெக்கான், இரினோடெக்கான் இரண்டும் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டன. முப்பது வருடம்! இரினோடெக்கான் பெருங்குடல் புற்றுக்குத்தான் முக்கியமாகக் கொடுக்கப்படுகிறது, கல்லீரலுக்கு அல்ல. மாற்றிய பெர்பெரினோ இன்னும் தட்டிலும் எலியிலும் நிற்கிறது.

நம் நாற்ற மரத்தை வெட்டி வெட்டியே பல இடங்களில் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். ஊசிக்களாவின் வேரைத் தோண்டினால் செடியே போயிற்று, அதையும் நினைவில் வையுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதாக அறையிலிருந்து கை காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சமையலில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை வேறு. மிளகின் பைப்பரின் மஞ்சள் சத்தை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றும், அப்படிச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரலே வீங்கியதாக மருத்துவ அறிக்கைகள் உண்டு. பெர்பெரின் மாத்திரையைக் கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும் தொடவே கூடாது. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தால், வலி இல்லை என்று தள்ளிப்போடாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

வணக்கம்.