அஞ்சலைப் படிக்காதே என்று சொன்னால் பிழைதிருத்தியையும் பறிப்பதா?

வணக்கம் நண்பர்களே. அமைப்பு (செட்டிங்ஸ்) பக்கங்களை வரி விடாமல் படிக்கும் என் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வாரம் நான் பயன்படுத்தும் இலவச மின்னஞ்சலின் அமைப்புகளைத் திறந்தேன். இன்னும் கோபம் தணியவில்லை.

அஞ்சலின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து ‘ஸ்மார்ட்’ வசதிகள் தர அனுமதிக்கும் ஒரு சிறிய கட்டம் அங்கே இருந்தது. அதிலிருந்த டிக்கை எடுத்தேன். உடனே விளம்பர அஞ்சல்களைப் பிரித்து வைத்த தனிப்பகுதி மறைந்து, துணிக்கடைத் தள்ளுபடியும் வங்கிக் கணக்கறிக்கையும் ஒரே வரிசையில் வந்து விழுந்தன. எழுத்துப்பிழைக்கு அடியில் வரும் சிவப்புக் கோடும் போய்விட்டது. அஞ்சலை எங்கும் அனுப்பாமல், கணினிக்குள்ளேயே பிழைதிருத்தி வேலை செய்த காலம் உண்டு. அதையும் இதே கட்டத்தோடு முடிச்சுப் போட்டால், தொல்லை தாங்காமல் பலரும் மறுபடி டிக் போட்டுவிடுவார்கள். அனுமதியை இப்படி வாங்குவது எனக்கு அறவே பிடிக்கவில்லை.

நான் திரும்பப் போடவில்லை. ‘அன்சப்ஸ்கிரைப்’ (இனி அனுப்ப வேண்டாம்) என்ற சொல் உள்ள அஞ்சலெல்லாம் தனிக் கோப்புறைக்குப் போகும்படி நானே ஒரு வடிகட்டி எழுதினேன். வணிக அஞ்சல்கள் பெரும்பாலானவற்றின் அடியில் அந்தச் சொல் இருப்பதால், அனுப்புநரை ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. இப்போது பெட்டி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது தெரியுமா! இந்த வடிகட்டியும் அஞ்சலைப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் நான் இட்ட விதிப்படி, எனக்காக மட்டும்.

இந்தச் சண்டை பழையது. ஹாட்மெயில் 2 எம்பி, யாகூ 4 எம்பி கொடுத்த காலத்தில், 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடத்துடன் ஜிமெயில் வந்தது. அஞ்சலில் உள்ள சொற்களைப் பார்த்து அருகிலேயே விளம்பரம் வைத்தது. இதை நிறுத்தி வைக்கக் கோரி, தனியுரிமைக்காகக் குரல் கொடுக்கும் 31 அமைப்புகள் அந்த மாதமே கூகுளுக்குக் கடிதம் எழுதின. விளம்பரத்துக்காக அஞ்சலை ஆராய்வதை நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்தது 2017 ஜூனில்தான். மறு ஆண்டே, யாகூ அஞ்சலில் 20 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் விளம்பரதாரர்களுக்காக ஆராயப்படுவதாக அமெரிக்க நாளிதழான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. வணிக அஞ்சல்களை மட்டுமே பார்ப்பதாக நிறுவனம் விளக்கம் சொன்னது. பயணச்சீட்டும் மருந்துக் கடை ரசீதும்கூட வணிக அஞ்சல்கள்தாமே?

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். வேறு சேவையிலிருந்து எனக்கு எழுதுகிறவர் எந்த விதிமுறைக்கும் ‘சரி’ என்று அழுத்தவில்லை. அவருடைய வரிகளும் சேர்ந்தே ஆராயப்பட்டன. இதற்காகக் கலிபோர்னியாவில் கூகுள் மீது வழக்கு நடந்தது. முதலில் வந்த சமரச ஒப்பந்தத்தை நீதிபதி லூசி கோ 2017 மார்ச்சில் ஏற்க மறுத்தார். அஞ்சல்கள் ஆராயப்படுவதை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லும் அறிவிப்பு அதில் இல்லை என்பது அவருடைய ஆட்சேபம். எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துவது இதுதான்: நான் ஒத்துக்கொண்டதற்கு என் தோழி எப்படிப் பொறுப்பாவாள்?

படிப்பதை நிறுத்தினாலும் விளம்பரம் நிற்பதில்லை. அஞ்சல்களுக்கு இடையே அஞ்சலைப் போலவே விளம்பரங்களைச் செருகியதற்கும், கணக்குத் தொடங்கும்போது சரியான ஒப்புதலின்றிக் குக்கீகளை (நம் இணைய நடமாட்டத்தைக் குறித்துவைக்கும் சிறு கோப்புகளை) வைத்ததற்கும் சேர்த்து, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் 2025 செப்டம்பரில் கூகுளுக்கு 32.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. கேட்காமல் பெட்டிக்குள் நுழைவதற்கு ஒரு விலை உண்டு என்று யாராவது சொல்லத்தான் வேண்டும்.

வடிகட்டி எழுதுவதை அடுத்த காணொளியில் திரையிலேயே காட்டுகிறேன். அதற்குள், உங்கள் அஞ்சலைப் பார்க்க எந்தெந்த வெளிச் செயலிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பதைக் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பார்த்து, தேவையற்றவற்றை நீக்கிவிடுங்கள்.